வீட்டின் காதில் விழாமல்

கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காது மந்தம் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில், ஊதாச் சேலை கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் கேட்க வேண்டும். அவர் என் அண்ணன் மனைவி. பெயர் பிரமநாயகி. நேற்று மாலையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வேண்டாம், எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்தால் நான் ஆதரவு திரட்டுகிறேன் என்று நினைப்பார். அந்த வழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே இறங்க வேண்டும் உங்களுக்கு? டவுனிலா? நல்லது. எப்படியும் வண்ணார்பேட்டையில் வண்டி ஊர்ந்துதான் போகும். நேரம் இருக்கிறது.

என் பெயர் வடிவாம்பாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, 'பாவம், எழுத்து வாசனை இல்லாத அம்மாள் போலிருக்கிறது' என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

எங்களுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வீடு இருக்கிறது. அப்பா கட்டியது. பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. அண்ணன் காலமான பிறகு அவர் பாதி மதினிக்கும் அவர்களுடைய மகன் சண்முகநாதனுக்கும் வந்தது. அந்த வீட்டை விற்கிறோம்.

பார்த்தீர்களா, எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டேன்! பேருந்தில் இருப்பதால் சொன்னேன். வீட்டுக்குள் வைத்து இந்த வாக்கியத்தை உச்சரிக்க முடியாது. எங்கள் மதினிக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படியா, அவர் குடும்பத்தில் மட்டும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. விற்கப்போகிற வீட்டுக்குள் உட்கார்ந்து விற்பனைப் பேச்சைப் பேசக் கூடாதாம்.

"வீட்டுக்குக் காது கேக்கும் வடிவு. கேட்டா அதுக்கு ரோஷம் வந்திரும். அப்புறம் எவன் வந்து என்ன வெலை கேட்டாலும் தட்டித்தான் போகும்."

அவருடைய சித்தப்பா ஒருவர் சாப்பிடும்போது வீட்டு விலையைப் பற்றிப் பேசிவிட்டாராம். வாங்குவதாக உறுதி சொன்னவர் அந்த வாரமே பின்வாங்கிவிட்டாராம். அதன் பிறகு வந்தவர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்களாம். இப்போது அந்த வீட்டுச் சுவரில் ஓர் அரசமரம் நிற்கிறதாம்.

கேட்டதா? 'ஆலமரம்' என்று அங்கிருந்து திருத்துகிறார். செவிப்புலனில் குறை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஆலமரம்தான். ஏற்றுக்கொள்கிறேன்.

நான் அவருக்கு அறிவியலை விளக்கினேன். ஒலி என்பது காற்றின் அதிர்வு. சுண்ணாம்புச் சுவருக்குச் செவிப்பறை கிடையாது. செவிப்பறை இல்லாததற்கு ரோஷமும் கிடையாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உனக்கு என்ன தெரியும்? நீ என்னைக்கு வீட்டுல இருந்த? பள்ளிக்கூடத்துலலா இருந்த!" என்றார்.

சரி, ஒப்புக்கொண்டேன். நம்பவில்லை, நம்புகிற ஒருவரை மதித்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் அதை அரைகுறையாகக் கடைப்பிடிப்பது எனக்குப் பிடிக்காது. சண்முகநாதன் ஓசூரிலிருந்து அலைபேசியில் அழைத்து, "அத்தை, வீடு விஷயம்..." என்று தொடங்கினால் உடனே துண்டித்துவிட்டு, தெருமுனைக்குப் போய் நானே கூப்பிடுவேன். மழையானால் குடை பிடித்துக்கொண்டு. ஒருநாள் மதினி அடுப்படியில் நின்றுகொண்டு 'விலை' என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். தக்காளியின் விலைதான். இருந்தாலும் எச்சரித்தேன். அவர், "தக்காளியையுமா ரோட்டுல வச்சுப் பேசணும்?" என்று கேட்டார். பேசலாமே, என்ன தவறு?

மூடநம்பிக்கையா? இல்லை அம்மா. ஒழுங்கு.

முதலில் வாசலுக்கு வெளியே, மதிற்சுவர் ஓரம் நின்று பேசினோம். அண்டை வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே தெரிந்தவர்கள், "எங்க போறீய டீச்சர்?" என்று கேட்டார்கள். எங்கும் போகாமல் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே ஒருநாள், வந்த பேருந்தில் ஏறிவிட்டோம். பெண்களுக்குத்தான் கட்டணம் இல்லையே. டவுன் வரை போனோம், திரும்பி வந்தோம். வைகாசியில் தொடங்கியது. அன்றிலிருந்து மாலை வேளைகளில் இந்த வண்டிதான் எங்கள் அலுவலகம். நடத்துநர் மாசானமுத்து நல்ல மனிதர். ஆரம்பத்தில், "இன்னைக்காவது ஏதாவது சாமான் வாங்குவியளா, இல்ல சும்மா சுத்திட்டு வாறியளா?" என்று கேலி செய்துகொண்டிருந்தார். விஷயம் தெரிந்த பிறகு எங்களுக்கென்று இருக்கை பிடித்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டைத் தயார் செய்ய வேண்டுமல்லவா? விற்பதற்கென்று தயார் செய்ய வேண்டும். ஆனால் எதற்கென்று வீட்டுக்குத் தெரியக் கூடாது. இது எவ்வளவு நுட்பமான பணி என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனி மாதத்தில் வெள்ளையடிக்க ஆள் வந்தார். மதினி நடுக்கூடத்தில் நின்று, சுவரைப் பார்த்து, "தீவாளி வருதுல்லா, அதான் வெள்ளையடிக்கோம்" என்று அறிவித்தார். அந்த மனிதர் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, இன்னும் ஆடியே பொறக்கலையே" என்றார். நான் அவரைத் தெருவுக்கு அழைத்துப்போய் நிலைமையை விளக்கினேன். திரும்பி வந்தவர் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும் சுவரைத் தடவி, "நல்ல தீவாளி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரணைக் காலி செய்தோம். அண்டா, குத்துப்போணி, இட்லிக் கொப்பரை எல்லாம் இறங்கின. உறவுக்காரர்கள் வந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்று வாசலைத் தாண்டும்போதும் மதினி, "ஈயம் பூசக் கொண்டு போறாவ, வந்திரும்" என்று வீட்டுக்குச் சொல்வார். மர அலமாரி போனபோதும் அப்படியே சொன்னார். "மதினி, அலமாரிக்கு யாராவது ஈயம் பூசுவார்களா?" என்று காதோடு கேட்டேன். "வீடு என்ன உன்கிட்டப் பாடமா படிச்சிருக்கு? அதுக்கு எங்க தெரியப் போவுது?" என்றார்.

கூரை ஒழுகலைப் பார்க்க வந்த கொத்தனார்தான் பெரிய ஆபத்து. ஏணியில் நின்றபடி, "விக்கப்போற வீட்டுக்கு எதுக்கு ஆச்சி இம்புட்டு..." என்று தொடங்கிவிட்டார். மதினி கீழே முறுக்குத் தட்டோடு நின்றார். ஏணியில் இரண்டு படி ஏறி, ஒரு முழு முறுக்கை அவர் வாயில் வைத்து அழுத்தினார். அந்த வயதில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை இந்த வண்டியில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். முருகன்குறிச்சியில் ஏறிய ஓர் அம்மாள், "நல்ல விசேசம் போல" என்றார்.

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். எங்கள் விஷயத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை. விற்பனைப் பேச்சு பெரும்பாலும் முருகன்குறிச்சிக்குள் முடிந்துவிடும். வண்டி டவுன் வரை போகிறதே! நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ஆகவே வேறு விஷயங்களும் வந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பார்த்தால் அடுக்களைக்குள் போய்விடுவாராம். சோறு குழைந்துவிட்டால், என் அம்மா என்ன சொல்வார் என்பதைவிட, நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தட்டைப் பார்ப்பேனே, அதற்குத்தான் பயமாம். எங்கள் அண்ணன் தலையிலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவதை அப்படியே நடித்துக் காட்டுவார். இந்த இருக்கையில் உட்கார்ந்தபடியே! ஓடும் வண்டியில்! நானும் ஆசிரியர் அறைக் கதைகளைச் சொன்னேன். டவுனில் இறங்கி ஒரு காபி குடிப்போம். சில நாள் இரண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தோம் அம்மா. சண்டை ஒன்றும் கிடையாது. 'சாப்பாடு ஆயிற்றா?' 'கேஸ் வந்ததா?' அவ்வளவுதான். நான் காலையில் போவேன், மாலையில் வருவேன், விடைத்தாள் திருத்துவேன். அவருக்கு அடுப்பு, அண்ணன், பிள்ளை. பேசுவதற்கு என்ன இருந்தது?

விற்ற பிறகு என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சண்முகநாதன் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டான். அம்மா ஓசூரில் அவன் வீட்டுக்கு. அத்தை தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு. முதியோர் இல்லம் அல்ல, ஓய்வுக்காலக் குடியிருப்பு. அங்கே நூலகம் உண்டு. நடைப்பயிற்சிக்குப் பாதை உண்டு. மணி அடித்தால் சாப்பாடு. மணி எனக்குப் பழக்கம்தானே. ஏற்பாடு தெளிவாக இருந்ததால் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேருந்தில் வீட்டைப் பற்றிப் பேசுவது என்பதுதான் வழக்கம். எங்களைப் பற்றி எங்கே பேசுவது என்று எந்த வழக்கமும் இல்லை.

இனி வாங்க வந்தவர்கள். தரகர் அந்தோணிராஜ் அழைத்து வருவார். அவருக்கு இந்தச் சம்பிரதாயத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மரியாதை தெரிந்தவர். வாசலிலேயே வந்தவர்களிடம், "உள்ள போய் வெலை, கிரயம், பத்திரம் ஒண்ணும் பேசப்பிடாது. விருந்தாளி மாதிரி வந்து பாத்துட்டுப் போயிரணும்" என்று சொல்லிவிடுவார். உள்ளே எல்லாம் கைச்சைகைதான். அவர் அடுக்களையைச் சுட்டிக்காட்டிக் கட்டைவிரலை உயர்த்துவார். பின்கட்டுக் கிணற்றைக் காட்டி இரண்டு கையையும் விரிப்பார். வந்தவர்களில் சிலர் அவர் வாய் பேச முடியாதவர் என்று நினைத்துப் பரிதாபப்பட்டதும் உண்டு.

முதலில் ஒரு வங்கி அதிகாரியும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வோர் அறையிலும் நின்று, "இதை இடிச்சிரலாம்" என்றார். விற்பனையைப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தோம். இடிப்பதைப் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் தவறு. ஆயினும் அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு மருத்துவர். மிகவும் பண்பானவர். ஒரு வீட்டின் குறைகளை மறைத்து விற்பது என் இயல்புக்கு ஒவ்வாது. ஆகவே அவரைத் தெருவுக்கு அழைத்துப்போய், வடக்கு அறையில் ஒழுகுவது, ஐப்பசியில் சாக்கடை எதிர்த்து வருவது, பக்கத்துத் தென்னை நம் முற்றத்தில் காய் போடுவது எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் தெருவில் என்றா? தன் குறையை வீடு கேட்க வேண்டுமா என்ன? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லைங்க" என்றார். ஒரு வீட்டின் குறையைக் கேட்டுவிட்டுப் பரவாயில்லை என்பவர் அதைப் பராமரிப்பாரா? மாட்டார். மறுத்துவிட்டேன்.

மூன்றாவது ஆள் குறைகளைக் கேட்டதும் முகம் வெளுத்து, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று கிளம்பிவிட்டார். குறையைக் கேட்டு ஓடுகிறவரிடம் ஒரு வீட்டை எப்படி ஒப்படைப்பது? அவர் திரும்பி வந்தபோது அவருக்கும் இல்லை என்று சொன்னேன்.

நீங்கள் புன்னகை செய்கிறீர்கள். இரண்டு முடிவுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். மதினியே ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும், இதே வண்டியில், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் வடிவு. அடுத்த ஆள் வரட்டும். நமக்கு என்ன அவசரம்?" என்றார். என் ஆராயும் முறையின் அருமை இந்த வயதிலாவது அவருக்குப் புரிந்ததே என்று மகிழ்ந்தேன்.

நேற்று ஆறுமுகநேரியிலிருந்து ஓர் உப்பு வியாபாரி வந்தார். தங்கப்பழம் என்று பெயர். மனைவியும் வயதான தாயாரும் கூட வந்தார்கள். சொல்லாமலே செருப்பைத் தெருவில் கழற்றினார்கள். மனைவி, "வெளக்கு எந்தப் பக்கம் பாத்து ஏத்துவிய?" என்று கேட்டார். தாயார் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாருக்குய்யா" என்றார். தெருவில் வைத்துக் குறைகளைச் சொன்னேன். அந்த மனிதர் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, ஓடவும் இல்லை. ஒழுகுகிற இடத்தை இன்னொரு முறை பார்க்கலாமா என்றார். சாக்கடை எந்தப் பக்கம் சரிவு என்றார். கேட்க வேண்டிய கேள்விகள். நானும் பார்த்தேன், பார்த்தேன். ஒரு குறை அகப்படவில்லை. குறையே இல்லாத மனிதர் என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. ஆற அமர யோசிக்க வேண்டும், காபி குடியுங்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று உள்ளே அழைத்து வந்தேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். முன்னிருக்கையில் தலை அசைகிறது பாருங்கள்; கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மதினி காபித் தட்டோடு வந்தார். தட்டைக் கீழே வைத்தார். கூடத்தின் நட்டநடுவில் வந்து நின்றார். வந்தவர்களைப் பார்க்கவில்லை; என்னையும் பார்க்கவில்லை. மேலே உத்தரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டைத் தொடங்கிவைக்கும் பிள்ளையைப் போலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டை வித்தாச்சு" என்றார். "இவியளுக்கே குடுத்தாச்சு. கேட்டியா? வித்தாச்சு!"

அந்தோணிராஜ் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டார். சண்முகநாதனுக்குப் போன் செய்யட்டுமா என்று என்னிடம் சைகையில் கேட்டார். அவருக்கு அப்போதும் பேச வாய் வரவில்லை. தங்கப்பழம் மட்டும் எழுந்து கும்பிட்டார். "ஆச்சி வாயால வந்துட்டு. அது போதும். நாளைக் கழிச்சு நல்ல நாளு, முன்பணம் கொண்டு வந்துருதோம்" என்றார். அவர் தாயார் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் எப்படி இருந்திருப்பேன், சொல்லுங்கள்! மாதக்கணக்கில் தக்காளிக்குக்கூட இடம் கொடுக்காமல் காத்த விதி. அதை உண்டாக்கியவரே நடுக்கூடத்தில் வைத்து உடைக்கிறார். அவர்கள் போன பிறகு 'ஏன்?' என்று கேட்கலாம் என்றால், கேட்பதும் விற்பனைப் பேச்சாயிற்றே! வீட்டுக்குள் வைத்துக் கோபப்படவும் எனக்கு வழியில்லை. அவர் நடந்துகொண்டது இன்னும் விநோதம். இன்று நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணிராஜின் போன் வந்ததும் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார். 'உறுதிதான், மாற்றமில்லை' என்று அவர் சொன்னதை நான் தலையசைத்துத் தெரிவித்ததும், அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். இன்று மாலை நான் நிறுத்தத்துக்கு வந்தேன், அவரும் வந்தார். வண்டி வந்தது. அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதுதான் என் வழக்கு. ஓசூருக்குப் போக அவ்வளவு அவசரம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளை வீடு, பேரப்பிள்ளைகள், நான் தடுக்கவா போகிறேன்? அதற்காக ஒரு நம்பிக்கையை, அதுவும் அவருடைய சொந்த நம்பிக்கையை...

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், வீட்டுக்குள் பேசினால் என்ன ஆகும் என்பதுதான் அவர் நம்பிக்கை, முன்பே சொன்னேனே. விற்பனை தட்டிப்போகும். ஐயமே இல்லாமல் நம்புகிறார். அதனால்தான் சொல்கிறேன், இது அறியாமல் செய்த பிழை அல்ல, தெரிந்தே செய்தது. அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தே, நடுக்கூடத்தில் நின்று, உத்தரத்தைப் பார்த்து, கேட்டியா என்று கேட்டு...

கொஞ்சம் இருங்கள்.

பாலம் வந்துவிட்டது. ஆற்றில் இந்த ஆண்டு தண்ணீர் பரவாயில்லை.

இல்லை, அப்படி இருக்க முடியாது. கெடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே? 'வடிவு, எனக்கு மனம் இல்லை' என்று. மூன்று சொல். இந்த வண்டியில் எத்தனை மாலைகள் வந்தோம்!

நானா? நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் தகுந்த காரணங்களோடு மறுத்தேன். பரவாயில்லை என்றவரை ஒரு காரணத்துக்காக. ஓடியவரை ஒரு காரணத்துக்காக. இந்த உப்பு வியாபாரியிடம் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிடைக்காமல் போனது மதினிக்கும் தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நீங்கள் சிரிப்பதென்றால் சிரித்துவிடுங்கள் அம்மா. அடக்கினால் இருமல் வரும்.

ஆனால் விற்பனை நிற்காது. கொடுத்த வாக்கு, அதுவும் நம் கூடத்தில் வைத்துக் கொடுத்தது. அவர்களும் நல்ல மனிதர்கள். கூரை இன்னொரு மழையைத் தாங்காது. நாங்கள் இங்கே தனியாக இருப்பதை நினைத்துச் சண்முகநாதனும் எத்தனை நாள் அஞ்சுவான்? சுவருக்குக் காது இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அறிவியல் வென்றது. நான்தான் மகிழ வேண்டும்.

மாசானமுத்து! இங்கே வாருங்கள். சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டீர்களா? ஓர் உதவி. அந்த அம்மாளிடம் போய், ஓசூருக்குப் போவதாக அவர் யாரிடம் ஒப்புக்கொண்டார் என்று கேட்டு வாருங்கள். நான் கேட்டதாகச் சொல்லலாம். சொல்லாமல் கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

குனிந்து கேட்கிறார். மதினி கையை ஆட்டுகிறார். அந்தக் கை ஆட்டினால் நீளமான பதில்.

என்ன? தென்காசிக்குப் போவதாக டீச்சர் யாரிடம் ஒப்புக்கொண்டார் என்று கேட்கிறாரா? யாரிடமும் இல்லை என்று சொல்லுங்கள். சண்முகநாதன் சொன்னான், நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல... அவரும் மறுக்கவில்லையாமா? அதைத்தான் சொன்னாரா? 'அவ மறுக்கட்டும்னு நான் இருந்தேன்' என்றா?

இதை இந்த அம்மாள் இத்தனை மாதமாக வைத்துக்கொண்டிருந்தார் என்றால், என்ன பிடிவாதம் பாருங்கள்!

சரி மாசானமுத்து, ஜங்ஷன் வருவதற்குள் இன்னொரு முறை போய் வாருங்கள். நான் ஒரு யோசனை சொல்கிறேன் என்று சொல்லுங்கள். கட்டாயம் இல்லை, யோசனைதான். என் ஓய்வூதியம் இருக்கிறது. அண்ணனின் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு வருகிறது. பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஒரு சிறிய வீடு கிடைக்கும். சண்முகநாதனிடம் நான் பேசிக்கொள்கிறேன். சின்ன வயதில் வீட்டில் என்னிடம் பாடம் படித்தவன், எதிர்த்துப் பேச மாட்டான். ஒரு வீடு. தனித்தனியாக இரண்டு அல்ல. ஒன்று. இதை அப்படியே சொல்ல வேண்டும், சுருக்கக் கூடாது.

சொல்கிறார். மதினி திரும்பவில்லை. தோளைத்தான் பார்க்க முடிகிறது. சேலைத்தலைப்பை எடுக்கிறார். வியர்வையாக இருக்கும், இன்று புழுக்கம் அதிகம்.

அதோ, வருகிறார். சிரித்துக்கொண்டே வருகிறார், என்ன ஆகிவிட்டது இவருக்கு?

சொல்லுங்கள். மாடி வேண்டாமாமா? முட்டி தாங்காதாமா? சரி, கீழ்த்தளம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுக்களை அவர் பொறுப்பு. நான் உள்ளே வந்து உப்பைப் பற்றிப் பேசக் கூடாதா? எப்போது பேசினேன்? சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்? இன்னும் இருக்கிறதா?

குளியலறை இரண்டு வேண்டுமாமா! எதற்கு? நான் உள்ளே போனால் வெளியே வர நேரமாகிறதாமா? பேருந்து முழுக்கக் கேட்கும்படியாக இதைச் சொல்லியனுப்புகிறாரே! வாடகை வீட்டில் குளியலறை இரண்டு என்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியுமா? இவரை இப்படியே விட்டால் தோட்டம் வேண்டும், ஊஞ்சல் வேண்டும் என்பார்.

வேண்டாம் மாசானமுத்து, நீங்கள் போக வேண்டாம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை நடத்துநர் வழியாகப் பேசுவது முறையல்ல. கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொள்ளுங்கள் அம்மா, நான் முன்னால் போக வேண்டும். சமாதானத்துக்குப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு குளியலறை கேட்கிறாரே, அதைக் கண்டிக்கத்தான் போகிறேன்.